ஐந்தாவது குருவி

சித்திரை மாசம், பேரன் லீவுக்கு வந்திருந்த சமயம். நான் ஹாலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவன் ஓடிவந்து, "ஆச்சி, வீட்டுக்குள்ள ஒரு குருவி" என்றான். நிமிர்ந்து பார்த்தேன். வாசல் நிலைக்கு மேலே வென்டிலேட்டர் கம்பியில் அது உட்கார்ந்திருந்தது. அலகில் ஒரு விளக்குமாற்று ஈர்க்கு, அதன் உடம்பைப்போல் இரண்டு பங்கு நீளம். உள்ளே நுழைக்கப் பார்க்கிறது, குறுக்கே மாட்டுகிறது, தலையைச் சாய்த்து மறுபடியும் பார்க்கிறது. பாளையங்கோட்டைக்கு நாங்கள் குடிவந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. இந்த வீட்டுக்குள் குருவி வந்து நான் பார்த்ததில்லை.

"இதுக்குப் பேரு என்ன ஆச்சி?"

"அடைக்கலங்குருவி."

பெங்களூரில் படிக்கிற பிள்ளை. ஸ்பேரோ என்றால் தெரியும், சிட்டுக்குருவி என்றாலும் தெரியும். இந்தப் பெயர் அவனுக்குப் புதிது. எனக்கே அந்தச் சொல் வாயில் வந்து எத்தனையோ காலமாகிறது. சொன்ன கையோடு கீரைத் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். பதநீர் கொதிக்கிற வாசனையும் பனைமட்டை எரிகிற புகையும் எங்கிருந்தோ வந்து மூக்கில் ஏறின.

நான் வளர்ந்தது மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். செம்மண் தேரியும் பனையும்தான் அங்கே எல்லாம். தேரிமேட்டில் ஏறி நின்றால் மெஞ்ஞானபுரம் பவுல் ஆலயத்தின் கோபுரம் தெரியும். 192 அடி உயரம் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடமாகச் சொல்லுவோம். அப்பாவும் அம்மாவும் தூத்துக்குடியில் இருந்தார்கள். அப்பாவுக்கு வாத்தியார் வேலை. எனக்கு மூத்தவர்கள் நாலு பேரும் பெண்கள். நான் பிறந்தபோது அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போயிற்று. மூன்று மாசக் குழந்தையாக என்னை ஆச்சி ஊருக்குத் தூக்கி வந்துவிட்டாள், அம்மாவைப் பெற்ற ஆச்சி. அம்மா தேறியதும் திரும்ப அனுப்புவதாகப் பேச்சு. அம்மா தேறினாள், பேச்சு அப்படியே நின்றுபோயிற்று.

ஆச்சி வீடு ஓட்டு வீடு. உத்தரத்துக்கும் ஓட்டுக்கும் இடையில் எந்நேரமும் குருவி இருக்கும். சுவரில் சாய்த்து மாட்டியிருக்கும் போட்டோக்களுக்குப் பின்னாலும் கூடு வைக்கும். தாத்தாவின் ஞானஸ்நான சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். அதற்குப் பின்னால் வருஷம் தப்பாமல் ஒரு கூடு. நாங்கள் சாப்பிடும்போது தட்டைச் சுற்றித் தத்திக்கொண்டு திரியும். அரிசி புடைக்கிற ஆச்சியின் முறத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்பதற்கு அதற்குப் பயமே கிடையாது. மரத்தை நம்பாமல் மனுஷர் வீட்டை நம்பி ஒண்டுகிற பறவை என்பதால்தான் அடைக்கலங்குருவி என்று பேர் வந்தது என்பாள் ஆச்சி.

எங்கள் பக்கத்தில் ஆளுக்கும் அந்தப் பெயர் உண்டு, ஊருக்கும் உண்டு. அடைக்கலம் என்று எனக்கு ஒரு பெரியப்பா இருந்தார். திருச்செந்தூர் பக்கம் அடைக்கலாபுரம் இருக்கிறது. சாத்தான்குளத்துக்கு அருகே முதலூர். இன்றைக்கு மஸ்கோத் அல்வாவுக்குப் பேர்போன ஊர். வேதத்துக்கு வந்ததற்காக விரட்டப்பட்ட ஜனங்களுக்கு ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்று 1799-இல் தாவீது சுந்தரானந்தம் உண்டாக்கிய ஊர் அது. ஓடி வந்து ஒதுங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். அதனால்தானோ என்னவோ, ஜெபத்தில் எங்கள் பெரியவர்கள் வாயில் அதிகம் புழங்கிய சொல் அடைக்கலம்தான். தமிழ் வேதப்புத்தகத்திலும் அந்தக் குருவி அடைக்கலான் குருவியாகவே வருகிறது. சிட்டுக்குருவி என்று எழுதியிருந்தாலும் பொருள் வந்திருக்கும். அப்படி எழுதாத அந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு நான் இன்றும் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

அந்தக் காலத்தில் ராத்திரி எட்டு மணிவாக்கில் கோயில் மணி ஒருதரம் அடிக்கும். குடும்ப ஜெபத்துக்கு அடையாளம் அது. அந்நேரம் தெருவில் நடந்து போனால் ஒரு வீட்டில் சங்கீதம், அடுத்த வீட்டில் கீர்த்தனை, அதற்கடுத்த வீட்டில் தூங்கி விழுகிற பிள்ளைக்கு ஒரு குட்டு என்று வரிசையாகக் காதில் விழும். இப்போது காலையில் கண் விழித்ததும் போனில் வசனம் வந்து நிற்கிறது. அதையும் நான் ஆசையாகத்தான் வாசிக்கிறேன். ஆனால் அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் குரலுக்கு இன்னொருவர் ஆமென் சொல்லி முடித்தபிறகு படுத்த அந்தத் தூக்கம் வேறு.

அப்படி ஒரு ராத்திரி. எனக்கு ஏழெட்டு வயசு இருக்கும். அன்றைக்குப் பகலில் கல்யாண வீட்டுக்கு வந்த ஒரு சொந்தக்காரம்மா என் தாடையைப் பிடித்து, "நாலு பொட்டப்பிள்ளைக்கு மேல இது கொசுறு" என்று சொல்லிவிட்டாள். கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட மனசோடு சொன்னதில்லை, அது எனக்கு இப்போது தெரிகிறது. ஆனால் சந்தையில் கத்தரிக்காய் வாங்கினால் கையில் திணிக்கிற கறிவேப்பிலைதான் கொசுறு என்று எனக்கு அன்றைக்கே தெரியும். அம்மா ஏன் என்னைத் திரும்பக் கூப்பிடவில்லை என்பதற்கு ஒரு பதில் கிடைத்ததுபோல் இருந்தது. நான் சாப்பிடவில்லை. ஆச்சி காரணம் கேட்கவும் இல்லை. அவளுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

ஜெபம் முடிந்து எல்லாரும் எழுந்து போனபிறகு ஆச்சி என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். புளியங்கொட்டை டப்பாவை எடுத்துவந்து பாயில் கவிழ்த்தாள். பல்லாங்குழி ஆடப்போகிறோம் என்று நினைத்தேன்.

"ஏட்டி, மத்தேயு பத்தாம் அதிகாரத்துல ஒரு காசுக்கு எத்தன குருவின்னு போட்டுருக்கு?"

"ரெண்டு."

"அப்ப ரெண்டு காசுக்கு?"

நான் புளியங்கொட்டையை இரண்டிரண்டாக வைத்து, "நாலு" என்றேன்.

"இப்ப லூக்கா பன்னெண்ட எடு. ரெண்டு காசுக்கு எத்தனன்னு வாசி."

விளக்கடியில் புத்தகத்தைச் சாய்த்து எழுத்துக்கூட்டி வாசித்தேன். ஐந்து என்று இருந்தது.

"அந்த அஞ்சாவது எங்கேருந்துட்டி வந்துச்சு?"

எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறக்காமல் இருந்தேன். ஆச்சி ஐந்தாவது புளியங்கொட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"கடக்காரன் கொசுறாத்தான் போட்டான். அவனுக்கு அது கணக்குலயே கெடையாது. ஆனா ஆண்டவரு என்ன சொல்லுதாரு? அஞ்சுல ஒண்ணக்கூட மறக்கலங்காரு. அந்த ஒண்ணுக்காகத்தான் லூக்கா இத எழுதி வச்சிருக்காரு. உனக்காவத்தான்."

பிற்காலத்தில் நான் ஞாயிறு பள்ளி ஆசிரியையாக இருந்தபோது, அந்தக் காசு எவ்வளவு பெறும் என்று புத்தகங்களில் தேடிப் பார்த்தேன். ரோமரின் அசாரியன் என்ற செப்புக்காசு. ஒரு நாள் கூலி ஒரு தெனாரி, அதில் 16-இல் ஒரு பங்கு. ஏழைகள் சாப்பிடுவதற்கு வாங்குகிற பறவை அது. அதிலும் விலை போடாமல் தள்ளிவிடுகிற ஐந்தாவது. வேதபாடம் படித்தவர்கள் எத்தனையோ பேர் பிரசங்கம் பண்ணிக் கேட்டிருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஆச்சி புளியங்கொட்டையை வைத்துச் சொன்னதுதான் என் எலும்பில் ஏறியிருக்கிறது. அன்று ராத்திரி அந்தக் கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கினேன். யாரோ என்னை எண்ணிவிட்டார்கள் என்ற நினைப்பு. அதற்குமேல் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஆச்சி இதைச் சொன்னது எல்லாம் நன்றாக இருந்த காலத்தில். அடுத்த வருஷமே சின்ன மாமா பனையிலிருந்து விழுந்தார்.

பனையேற்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பருவ காலத்தில் காலையும் மாலையும் ஒவ்வொரு மரத்திலும் ஏறிப் பாளை சீவி, கலயத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டிவிட்டு இறங்க வேண்டும். ஏறுகிறவரின் காலில் தளைநார், இடுப்பில் அரிவாள் பெட்டி, அதற்குமேல் பாதுகாப்பு ஒன்றும் கிடையாது. ஆச்சி அப்போது விடிலியில் பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தாள். பாகு பதம் வருகிற நேரம், துடுப்பை எடுக்கவே கூடாது. "அம்மா" என்று ஒரு சத்தம் கேட்டதாம். அவ்வளவுதான். துடுப்பைப் போட்டுவிட்டு ஓடினாள். மாமாவுக்குக் கல்யாணம் பேசியிருந்தது. சாயந்தரம் யாரோ விடிலிக்குப் போய்ப் பார்த்தபோது பானை அடியில் பாகு கரிக்கட்டையாகப் பிடித்திருந்தது. அதைச் சுரண்ட ஆச்சி ஒருநாளும் விடவில்லை. அந்தப் பானை கடைசிவரை விடிலி மூலையில் அப்படியே கிடந்தது.

மூன்றாம் நாள் ராத்திரி உபதேசியார் வந்தார். நல்ல மனுஷர். ஆறுதலுக்கென்று அதே பகுதியை வாசிக்க ஆரம்பித்தார். பிதாவை அல்லாமல் ஒரு குருவியும் தரையில் விழாது என்கிற இடம். ஆச்சி தலையைத் தூக்கி, "புஸ்தகத்த மூடுங்க" என்றாள். அவர் மூடினார். வேறு ஒன்றும் பேசாமல் விடியும்வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அதற்காக அவரை நான் மறக்கவே மாட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று மாசம் போல ஆச்சி கோயிலுக்குப் போகவில்லை. எட்டு மணிக்கு மணி அடிக்கும், பெரிய மாமா ஜெபம் நடத்துவார். ஆச்சி அடுப்படியிலேயே இருப்பாள். ஆனால் ஒன்றை நான் கவனித்தேன். எங்கள் திருநெல்வேலித் திருச்சபைப் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உலை வைக்கும்போது சமையலுக்கு அளந்த அரிசியில் ஒரு பிடி எடுத்து ஆண்டவருக்கென்று தனிக் கலயத்தில் போடுவார்கள். வாரம் ஒருதரம் அது கோயிலுக்குப் போகும். கைப்பிடி அரிசி என்று சொல்வோம். 1903-இல் இந்திய மிஷனெரி சங்கத்தைப் பாளையங்கோட்டையில் தொடங்கியபிறகு, ஊழியத்தைத் தாங்கியதில் அந்தப் பிடி அரிசிக்கும் பங்கு உண்டு. ஆச்சி அந்த மூன்று மாசமும் ஒருநாள்கூட அந்தப் பிடியைத் தவறவிடவில்லை. கண்ணீர் வடிய வடிய எடுத்துப் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை என் கையில் கொடுத்து அனுப்புவாள்.

வெகுநாள் கழித்து, நான் பெரிய பெண்ணானபிறகு கேட்டேன். ஆண்டவரோடு பேசாமல் இருந்தாய், அரிசி மட்டும் எதற்குப் போட்டாய் என்று.

"கோவந்தான். பேசப் பிடிக்கல. அதுக்காவ வீட்ட விட்டா போயிட்டேன்? அவரு வீட்டுலதான இருந்தேன். ஒரு வீட்டுல கோவிச்சிக்கிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருக்கது இல்லியா?"

அவ்வளவு கோபத்தையும் காட்டிவிட்டு அங்கேயே இருக்கலாம், யாரும் வெளியே தள்ளமாட்டார்கள் என்கிற அந்த நம்பிக்கை அவளுக்கு எப்படி வந்தது என்று நான் யோசித்திருக்கிறேன். அன்பிலே பயமில்லாமல் இருப்பது என்றால் எனக்கு இன்றும் அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்த ஆச்சிதான் கண்ணில் வருகிறாள். ஒருநாள் அவளாகவே வந்து பாயில் உட்கார்ந்தாள். "மத்தேயுவ எடு" என்றாள். நான் பயந்துகொண்டே வாசித்தேன். முடித்ததும் மெதுவாகச் சொன்னாள்: "விழவே விழாதுன்னு அவரு எங்கயும் சொல்லலட்டி. விழுததும் அவரு கணக்குல இருக்குன்னுதான் சொல்லுதாரு. எம்பிள்ள தனியா விழல."

ஊருக்குக் கரண்டு வந்து சில வருஷத்தில், பம்பாயில் வேலை பார்த்த பெரிய மாமாவின் மகன் ஒரு சீலிங் ஃபேன் வாங்கிவந்து நடுக்கூடத்தில் மாட்டினார். ஊரே வந்து அடியில் நின்று பார்த்தது. அந்தப் பங்குனியிலேயே ஓட்டிடுக்கிலிருந்து பறந்த ஒரு குருவி இறக்கையில் அடிபட்டுப் பாயில் வந்து விழுந்தது. ஆச்சி அதை முந்தானையில் ஏந்தினாள். கண் பாதி மூடியிருந்தது. நெஞ்சு மட்டும் படபடவென்று அடித்தது, கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. ஆச்சி ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்ப் பழைய சேலையில் ஒரு கிழிசல் கிழித்து வந்து சுவிட்சைச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டாள். குஞ்சு பொரித்துப் பறக்கிறவரை அதை யாரும் அவிழ்க்கக்கூடாது. வெயில் என்றால் எங்கள் ஊர் வெயில். விருந்தாளி வந்தாலும் சரி, சபை ஐயரே வந்து உட்கார்ந்தாலும் சரி, பனையோலை விசிறிதான். வருஷாவருஷம் பங்குனியில் அந்த முடிச்சு விழும்.

மாமா ஒருதரம் சலித்துக்கொண்டு, "விழுததுதான் ஆண்டவருக்குத் தெரியும்லா, நீ ஏன் கெடந்து தவிக்க?" என்றார்.

"விழுதத அவரு பாத்துக்கிடுவாரு. விழாம பாத்துக்கிடது நம்ம வேலல்லா" என்றாள் ஆச்சி.

பெண்கள் ஐக்கிய சங்கத்தோடு ஒருமுறை டோனாவூருக்குப் போனோம். மலையடிவாரம், பெரிய பெரிய மரங்கள். ஏமி கார்மைக்கேல் அம்மாவைப் பற்றி எங்கள் பக்கத்தில் தெரியாத வீடு கிடையாது. 1867-இல் அயர்லாந்தில் பிறந்தவர். 1895-இல் இந்தியாவுக்கு வந்தார். அதற்குப்பிறகு ஒருதரம்கூடச் சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. கோயில்களுக்கு விடப்பட இருந்த பெண்பிள்ளைகளையும் வேண்டாம் என்று கைவிட்ட பிள்ளைகளையும் எடுத்து வளர்த்தார். கணக்குக்கு வராத குருவிகளை எண்ணியெடுத்தவர் என்று நான் நினைத்துக்கொள்வேன். 1931-இல் இருட்டில் ஒரு குழியில் விழுந்தார். ஏறக்குறைய இருபது வருஷம் அறையைவிட்டு அதிகம் வெளியே வர முடியாமல் இருந்து, 1951 ஜனவரியில் காலமானார். தன் கல்லறையின்மேல் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். பிள்ளைகள் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்தார்கள். தாயைக் குறிக்கிற ஒரே ஒரு சொல்தான் அதில் எழுதியிருக்கிறது.

நாங்கள் போன நேரம் தொட்டியில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. ஆச்சி தூக்குச்சட்டியில் கொண்டுவந்த குடிதண்ணீரை அதில் ஊற்றினாள். ஊற்றிவிட்டு அங்கேயே நின்றாள். வேனில் எல்லாரும் ஏறிவிட்டார்கள், கூப்பிட்டும் வரவில்லை. ஏதாவது குருவி வருமா என்று பார்த்துக்கொண்டு நின்றாள் என்று நினைக்கிறேன்.

எனக்கு நாற்பத்திரண்டு வயசில் என் வீட்டுக்காரர் போனார். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஏழு ராத்திரி. ஏழாம் நாள் விடியற்காலையில் டாக்டர் வந்து சொன்னார். அப்போது எனக்கு ஒரு ஜெபமும் வரவில்லை. எத்தனை வருஷம் ஞாயிறு பள்ளியில் எத்தனை பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், ஒரு வரி நினைவில் நிற்கவில்லை. சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். தரை துடைக்கிற ஒரு அம்மா, பேரும் தெரியாது ஊரும் தெரியாது, வாளியை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். டெட்டால் நாற்றம் அடிக்கிற ஈரக்கை. உபதேசியார் திண்ணையில் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. ஆச்சி சொன்னது நினைவுக்கு வந்தது. என் வீட்டுக்காரர் தனியாக விழவில்லை, நானும் தனியாக விழவில்லை. மனசு ஆறிவிட்டது என்று சொல்லமாட்டேன், அதற்கு வருஷங்கள் ஆயின. ஆனால் கீழே ஒரு கை இருக்கிறது என்று தெரிந்தது. அதற்குப்பிறகு எத்தனை இருட்டு வந்தபோதும் அந்தத் தெரிதல் என்னைவிட்டுப் போகவில்லை. ஆச்சியைப் போல நானும் சில மாசம் கோபமாக இருந்தேன். ஆண்டவர் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டுதான்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சரியாகாது. கடைசிக் காலத்தில் அவள் என்னிடம்தான் இருந்தாள். ஒருநாள் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று, "ஒன்னய அங்க விட்டது என் நெஞ்சுல முள்ளாத்தான் இருந்துச்சு. ஆச்சிகிட்ட கேக்க வாய் வரல. பிள்ளயப் பறிகொடுத்துட்டு அவ தவிச்ச நேரம்" என்றாள். சின்ன மாமா போனபிறகு என்னையும் பிரித்து எடுக்க அம்மாவுக்கு மனசு வரவில்லை. இவ்வளவு காலம் நான் அறியாதது அது. சீப்பைக் கீழே வைத்துவிட்டு அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

பேரனுக்கு இதில் கொஞ்சம்தான் சொன்னேன். புளியங்கொட்டைக் கதையை முழுசாகச் சொன்னேன். லூக்காவை அவனே போனில் எடுத்து வாசித்தான், ஐந்து என்று வந்ததும் நிமிர்ந்து பார்த்தான். அன்று சாயந்தரமே ஒரு பழைய நூல்சேலையைக் கிழித்து ஹால் ஃபேன் சுவிட்சில் கட்டினோம். முடிச்சுப் போட்டது அவன். லீவு முடிந்து ஊருக்குப் போய்விட்டான். ஃபேன் ஓடி மூன்று வாரம் ஆகிறது. வருகிறவர்களுக்கு விசிறி எடுத்துக் கொடுக்கிறேன்.

இன்று காலையில் காபி கலக்கும்போது வென்டிலேட்டர் பக்கமிருந்து சன்னமாகச் சத்தம் கேட்டது. உடனே அவனுக்குப் போன் போட்டேன்.

"எத்தன குஞ்சு ஆச்சி?"

"சத்தந்தான் கேக்குதுய்யா. எத்தனன்னு எனக்கு இன்னும் தெரியல."